காத்தாடிக் கட்டம்

புதிதாகத் தையல் பழகுகிறவர்களுக்கு என்று அந்த வீடியோவின் தலைப்பிலேயே போட்டிருந்தது. அதாவது மெஷின் பக்கமே போகாதவர்களுக்கு. நான் அறந்தாங்கியில் இருபத்து மூன்று வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள். சாதா ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், முதுகில் ஜன்னல் வைத்த கல்யாண ஜாக்கெட் என்று எது வந்தாலும், அளவு ஜாக்கெட்டைக் கையில் வாங்கும்போதே மனசுக்குள் துணியை வெட்டி முடித்திருப்பேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் என் மகள் கோயம்புத்தூரிலிருந்து அந்த வீடியோவை அனுப்பி, "ரொம்ப ஈஸிம்மா, நீயே கத்துக்கலாம்" என்று கீழே எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாசமாக இருக்கிற பிள்ளையைத் திட்டக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிறக்கப்போகிற குழந்தைக்குத் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை வேண்டுமாம். குயில்ட் என்று சொன்னாள். அவளோடு வேலை பார்க்கிற ஒரு பெண் தன் குழந்தைக்கு வைத்திருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாள். அந்தப் போர்வையில் ஒரே மாதிரிக் கட்டம் திரும்பத் திரும்ப வரும். வெளிர் நிறத்தில் ஒரு சதுரத் துணி, அழுத்தமான நிறத்தில் ஒரு சதுரத் துணி எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல். பிறகு கோட்டின் மேலேயே வெட்டிப் பிரித்தால் இரண்டு சதுரம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பாதி வெளிர், பாதி அழுத்தம். அப்படி நான்கு சதுரங்களைத் திருப்பித் திருப்பி வைத்துச் சேர்த்தால் நடுவில் காத்தாடி இறக்கை மாதிரி நான்கு முக்கோணம் வந்து நிற்கும். அவ்வளவுதான் வேலை. பன்னிரண்டு கட்டம் தைத்துச் சேர்த்தால் ஒரு குழந்தைக்குக் காணும்.

அப்போது அவர் வீட்டில் இருந்தார். இதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடம் வளைகுடாவில் இருந்தவர். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் நிலத்தில் போர் வற்றிப்போன வருடம் போனார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. வந்த லீவையெல்லாம் சேர்த்தால் ஒன்றரை வருடம் தேறும். அந்த ஆவணியில்தான் மொத்தமாக முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எங்கள் தெருவில் அதை "கேன்சல்ல வந்துட்டாரு" என்று சொல்வார்கள். இனிமேல் போகமாட்டார் என்று அதற்கு அர்த்தம்.

போனில் நாங்கள் நல்ல தம்பதி. சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்பார், சாப்பிட்டாச்சா என்று நான் கேட்பேன், மகள் படிப்பைப் பற்றிப் பேசுவோம், வைத்துவிடுவோம். நேரில் அப்படி வைத்துவிட முடியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தன் போர்வையைத் தானே மடித்து வைப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். "டீ போட்டுக்கிறவா?" என்று என்னிடம் கேட்பார். அவர் கட்டிய வீடு, அவர் வாங்கிய அடுப்பு. அதில் டீ போட அவர் என்னிடம் உத்தரவு கேட்பார். நானும், "போட்டுக்கங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நான் போட்டுத் தருகிறேன் என்று எழுந்ததில்லை. மெஷினில் உட்கார்ந்தால் எழ மனம் வராது எனக்கு.

ஐப்பசியில் அவருடைய பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டார். மலையாளி. புதிதாக வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாராம், பழகிய கை வேண்டுமாம், விசா தயாராக இருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் போனை வைத்துவிட்டு வந்து இதை என்னிடம் சொன்னபோது நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சொல்லட்டும்?" என்றார்.

"ஒங்க இஷ்டம்" என்றேன்.

அவர் போகக்கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. வேறு எதுவும் அந்த மாதத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அதைச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை, அதுதான் விஷயம். முதல் தடவை அவர் போனது நிலத்துக்காக. பிறகு என் மாமியாரின் வைத்தியம், பிறகு வீடு, பிறகு மகள் படிப்பு. ஒவ்வொரு காரணமாகத் தீர்ந்துகொண்டே வந்து, கடைசி ஏழெட்டு வருடம் காரணமே இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆம்பளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். புருசனைப் போகாதே என்று சொன்னவள் ஒருத்தி இருந்தாள். முந்தானையில முடிஞ்சு வச்சிக்கிட்டா என்று அவளைப் பற்றிப் பேசியே தீர்த்தார்கள். நானும் பேசியிருக்கிறேன். அது போக, ஆள் கிளம்பி வாசலில் நிற்கும்போது போகாதீங்க என்று சொல்வது அபசகுனம். அழக்கூடாது, எப்போது வருவீர்கள் என்று கேட்கக்கூடாது, பின்னால் கூப்பிடக்கூடாது. எனக்கோ பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகுதான் அந்தச் சொல் தொண்டைக்கு வரும். அந்த நேரத்தில் அதைச் சொல்லவும் முடியாது.

அன்றைக்கு வாசலில் பெட்டி எதுவும் இல்லை. அப்படியும் நான் சொல்லவில்லை.  அவர், "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து போர்வை வேலையில் இறங்கினேன். கையும் மனசும் எதிலாவது மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு. ஜாக்கெட் கொடுக்க வந்த ஒருத்தி, மேஜையில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டு, "பொறக்காத பிள்ளைக்கு ஊசி எடுக்கலாமாக்கா?" என்று கேட்டாள். "பழைய துணியிலதான் தைக்கிறேன். பழசுல குத்தமில்ல" என்றேன். எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. வெளுத்து வெளுத்து நைந்த வேட்டியிலோ நூல் சேலையிலோதான் சுற்றுவார்கள். பச்சை உடம்புக்கு அதுதான் உறுத்தாமல் இருக்கும். அழுத்தமான நிறத்துக்கு என்னிடம் பழைய சுங்குடிச் சேலை இரண்டு இருந்தது, ஒன்று அரக்கு, ஒன்று கரும்பச்சை. வெளிர் நிறத்துக்கு அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்தேன்.

பழைய வேட்டி ஒன்றுகூட இல்லை. அடுக்கில் எட்டு வேட்டி இருந்தது, எட்டும் புதுசு. ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒரு கல்யாணத்துக்கென்று எடுத்தது, இரண்டு தடவை கட்டியது, கஞ்சி போட்டு மடித்து வைத்தது. மடிப்பு கலையாமல் விறைப்பாக இருந்தது. ஒரு மனிதரின் வேட்டி நைந்துபோக அவர் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அன்றைக்கு அந்தப் பீரோவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கதவை அடித்துச் சாத்தினேன். சத்தம் கேட்டு வந்தவர், "என்னத்தைத் தேடுற?" என்றார். சொன்னேன். அவர் தன் பெட்டியிலிருந்து மூன்று கைலியை எடுத்து வந்தார். அங்கே கேம்ப்பில் கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, நீலமும் சாம்பலும் எல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தவை. தொட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு அதைவிட மெத்தென்று ஒரு துணி கிடைக்காது.

அன்று மதியம் முதல் கட்டத்தைத் தைத்தேன். ஐந்து இஞ்ச் சதுரமாக வெட்டி, கோடு போட்டு, இரண்டு பக்கமும் தைத்து, பிரித்து, நான்கையும் சேர்த்து விரித்தால் எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. நடுவில் நான்கு முனையும் ஒரு புள்ளியில் வந்து முட்ட வேண்டும். எனக்கு நான்கு முனையும் மழுங்கிப்போய், தையலுக்குள் முங்கிவிட்டிருந்தது. காத்தாடியின் கொண்டையை யாரோ வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று தைத்தேன். அதுவும் அப்படியே. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தைக்கிறாள், அவளுக்கு முட்டுகிறது. விடாப்பிடியாக நான்கு கட்டம் தைத்து முடித்தேன். எப்படியும் சேர்க்கும்போது சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து ஒரு கட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணு தைக்கிறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் இரண்டு மெஷின் உண்டு. மோட்டார் மாட்டியதில் நான் தைப்பேன். பழைய கால்மெஷின் சும்மா கிடக்கும். லீவில் வரும்போது அவர் இரண்டின் பக்கமும் போகமாட்டார். "அங்கயும் மெஷின், இங்கயும் மெஷினா?" என்பார். இங்கே இருந்தபோது அவர் விவசாயம் பார்த்தவர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அங்கே போய், யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு மெஷினில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என்ன தைக்கிறீங்க என்று எப்போதோ கேட்டதற்கு, பாக்கெட்டு என்று சொல்லியிருக்கிறார். சட்டையின் இடதுபக்கப் பாக்கெட். ஒரு ஆள் காலர், ஒரு ஆள் கை, ஒரு ஆள் காஜா, இவர் பாக்கெட். பத்தொன்பது வருடத்தில் ஒரு முழுச் சட்டையை அவர் தைத்ததில்லை. நான் அதைச் சொல்லிக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன், போனில்.

அவர் கால்மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பாபினைக் கழற்றி மாட்டினார். ஊசிக்கு வலப்பக்கம், கால் இஞ்ச் தள்ளி, தட்டின் மேல் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டினார். பிறகு உட்கார்ந்தார். முதுகு ஒரு மாதிரி வளைந்தது. அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துணியை ஊசிக்குக் கீழே தள்ளினார். அதன் பிறகு அவர் கண் ஊசியைப் பார்க்கவில்லை, அந்தப் பிளாஸ்திரியின் ஓரத்தைத்தான் பார்த்தது. சதுரம் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நூலை வெட்டாமல், சரம் மாதிரி வந்து விழுந்தது. இரண்டாவது சதுரம் முடியுமுன்பே இடது கை மூன்றாவதை எடுத்துவிடும். யாரோ தலைமேல் நின்று எண்ணிக்கொண்டிருப்பது போல ஒரு அவசரம். அத்தனை வருடம் என்ன வேலை செய்தார் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அவரைப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கத்தரியை எடுத்துச் சரத்தை வெட்டிக் கொடுத்தேன்.

அவர் தைத்த முதல் கட்டத்தில் நான்கு முனையும் ஒரே புள்ளியில் முட்டி நின்றது. அதை என் கட்டத்தின் பக்கத்தில் வைத்து டேப்பைப் பிடித்தார். அவருடையது எட்டரை இஞ்ச். என்னுடையது ஏழரைக்குக் கொஞ்சம் மேலே.

"ஒன் கட்டம் சின்னதா இருக்கு."

"துணி இழுத்திருக்கும்."

"துணி இழுக்கல. உள்ள எம்புட்டு விட்டிருக்க, பாரு. அரை இஞ்ச்சுக்குக் குறையாது."

பார்த்தேன். உண்மைதான். என் கை தன்பாட்டுக்கு அரை இஞ்ச் தள்ளித் தைத்திருக்கிறது. ஜாக்கெட் தைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உள்ளே துணி விடாமல் தைக்கிறவள் தையல்காரியே இல்லை. இந்த வருடம் தைத்துக்கொண்டு போகிறவள் அடுத்த வருடம் அதே ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள், "கொஞ்சம் பிரிச்சு விடுங்கக்கா" என்று. பிள்ளை பெற்றுவிட்டு வருவாள். தைராய்டு மாத்திரை போட்டுவிட்டு வருவாள். ஒரு டீச்சர் அம்மாவுக்கு ஒரே ஜாக்கெட்டை மூன்று தடவை பிரித்து விட்டிருக்கிறேன். அதற்காகப் பக்கவாட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தையல் ஓட்டி வைப்போம், ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் அவரிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

"நாளைக்கு லூசு பண்ணணும்னா துணி வேணாமா?"

"போர்வைக்கு ஒடம்பு பெருக்குமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. சிரிப்பை அவருக்குக் காட்டவில்லை. அன்றைக்கு அதற்குமேல் மெஷினில் உட்காராமல் ரசம் வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், அவர் பாதி பிளேடை விரலில் பிடித்துக்கொண்டு என் நான்கு கட்டத்தையும் பிரித்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுக் கெட்டியாவா தைப்ப?" என்று கேட்டார். அதிலும் குறை சொல்கிறாரா, பாராட்டுகிறாரா என்று விளங்கவில்லை.

அவருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. பாக்கெட் நேர் துணியில் வெட்டுவது. மூலைக்கு மூலை வெட்டிய துணியை அவர் கை அறியாது. தைத்த சதுரங்களை அயர்ன் பண்ணுகிறேன் பேர்வழி என்று பெட்டியை அழுத்தித் தேய்த்து இழுத்தார். குறுக்கே வெட்டிய துணி இழுத்தால் இழுத்த பக்கம் வரும். நாலைந்து சதுரம் கோணிக்கொண்டு, அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், ஒளிப்பானேன்.

"கிராஸ் துணியத் தேய்க்கக் கூடாதுங்க. பெட்டிய வச்சு எடுக்கணும், வச்சு எடுக்கணும். கொண்டாங்க இங்கிட்டு."

அதிலிருந்து தைப்பது அவர், அயர்ன் பண்ணி மூலை சரிபார்த்து வெட்டுவது நான் என்று ஆனது. நடுவில் ஜாக்கெட் வேலையும் ஓடியது. நானும் பிடிவாதமாகக் கால் இஞ்ச்சில் பழகினேன். பிளாஸ்திரியை என் மெஷினிலும் ஒட்டிக்கொண்டேன். முதல் நாள் என் கை ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே போகப் பார்த்தது.  ஓரத்தை ஒட்டித் தைக்கும்போது பிசிறிவிடுமோ, தவறினால் திருத்த ஒன்றும் இருக்காதே என்று ஒரு பயம். இருபத்து மூன்று வருடம் தைத்தவளுக்குக் கால் இஞ்ச்சைப் பார்த்துப் பயம் என்றால் யாராவது நம்புவார்களா? மூன்றாவது நாள் ஒரு கட்டம் எட்டரை வந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ம், பாஸ்" என்றார். அங்கே செக்கிங்கில் அப்படித்தான் சொல்வார்களாம்.

வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மெஷின் ஓடும்போது நாங்கள் பேசியதெல்லாம் நூல், துணி, முனை. ஆனால் முன்னைவிட அதிகமாகப் பேசினோம். ஒருநாள் மதியம் அவர் எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. அந்த டீயில் சர்க்கரை அதிகம். முழுவதையும் குடித்தேன்.

எட்டுக் கட்டம் முடிந்திருந்தது. தேதி இருபத்தெட்டு. விசாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிச்சயம் போகமாட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு, எதை வைத்து என்று கேட்டால் அந்த டீயை வைத்துத்தான். அன்று காலை அவர் குளித்துவிட்டு வந்து, "வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்ணிக் குடு. போட்டோ எடுத்துட்டு வந்துர்றேன். விசாவுக்குக் கேட்டாரு" என்றார்.

சட்டையை வாங்கி மேஜையில் விரித்தேன். காலர், கை, முதுகு என்று எல்லாம் தேய்த்தேன். பாக்கெட்டில் பெட்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டது போல. "கருகப் போகுது" என்று அவர்தான் சொன்னார். சட்டையைக் கொடுத்தேன். ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். நான் ஜாக்கெட் ஒன்றை எடுத்துத் தைத்தேன். வலது கையை இடது பக்கமும் இடது கையை வலது பக்கமும் மாட்டித் தைத்துவிட்டேன். வேலைக்குப் புதுசாக வந்தவள்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டாள். அவர் போய்விடுவார் என்று எனக்கு அழுகை வந்தது. பிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு கட்டமும் முடிந்தது. மூன்று மூன்றாக நான்கு வரிசை வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காத்தாடி இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் சுற்றும். வெட்டுகிற மேஜைதான் அதற்கு ஏற்ற இடம். மேஜையின் நடுவில் அவருடைய போட்டோ கவர் கிடந்தது. அதை நகர்த்த எடுத்தேன். ஒரு போட்டோ வெளியே சரிந்தது. வெள்ளைப் பின்னணியில், இஸ்திரி போட்ட சட்டையோடு, சிரிக்காமல், யாரோ மாதிரி இருந்தார். அசல் மனிதர் இரண்டடி தள்ளி மெஷினில் உட்கார்ந்து முதல் வரிசையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பெட்டி இல்லை. நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் இல்லை. சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

"போட்டோ எடுத்து வச்சதெல்லாம் போதும்" என்றேன். சண்டைக்குப் போகிற குரலில்தான் வந்தது. "நீங்க போக வேணாம்."

அவர் தையலை நிறுத்தவில்லை. ஓரம் வரைக்கும் ஓட்டிவிட்டு, நூலை வெட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஏன், எதுவும் காரணம் இருக்கா?"

"காரணம் ஒண்ணும் இல்ல. எனக்கு நீங்க வீட்டுல வேணும். அது காரணமாத் தெரியலையா ஒங்களுக்கு?"

என்னை அப்படியே பார்த்தார்.  அவர் எழுந்து, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். பேசுவது கேட்டது. "இல்ல சேட்டா, வரல. வீட்டுல வேணாங்குறாங்க." அந்தப் பக்கம் சூப்பர்வைசர் ஏதோ சொல்ல, இவர், "ஆமா, ஆமா" என்றார். முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை. வைத்துவிட்டார்.

திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தார். பாபினில் நூல் தீர்ந்திருந்தது. அதைக் கழற்றிச் சுற்றிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"மூணாவது லீவுல வந்தப்ப, கெளம்பறதுக்கு ஒரு வாரம் இருக்கையில பாஸ்போர்ட்டு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா?"

மறக்கக்கூடியதா அது? நான்கு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம்.

"காணாமப் போகல. நாந்தான் பரண்ல, பித்தளை அண்டாவுக்குள்ள போட்டு வச்சேன். சரி, கெடைக்கல, போனா போகுது, போக வேணாம்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன்."

அந்த அண்டாவுக்குள்ளிருந்து அதை எடுத்தது நான்தான். ஐந்தாம் நாள், ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து எடுத்தேன். கைக்குக் கிடைத்ததும் ஏணியில் நின்றபடியே சந்தோஷத்தில் கத்தினேன். இறங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். கிடைத்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று தெருமுனைப் பிள்ளையாருக்கு வேண்டியிருந்தேன். அன்று சாயங்காலமே போய் உடைத்தேன். அவரும் கூடவே வந்தார். தெறித்து விழுந்த சில்லையெல்லாம் குனிந்து பொறுக்கி என் முந்தானையில் போட்டார்.